குளிசையின் பெயரும் காரணமும் நோயாளிக்குத் தெரியட்டும்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், யாழ் மாவட்டத்தின் இதய நோய், உயர் குருதி அமுக்க கிளினிக்குகளில் பணிபுரியும் வைத்தியர்கள், மருந்தாளர்கள், தாதியர்களுக்கும்,

மதிப்புக்குரியோரே,

கிளினிக் கொப்பியுடன் விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் முதியவர்களிடம் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால், "பிறஷருக்கு ஒண்டு, கொழுப்புக்கு ஒண்டு, மற்றது இரவில போடுற சின்ன வெள்ளைக் குளிசை" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். கம்பனி மாறினால் குளிசையின் நிறமும் அளவும் மாறிவிடும் என்பதால், இந்த அடையாளத்தை நம்பியிருப்பது ஆபத்தானது.

யாழ்ப்பாணத்தில் அந்த ஆபத்துக்கு வழிகள் அதிகம். அரச கிளினிக்கில் அமுக்கத்தைக் குறைக்கும் லொசாட்டான் பெறுபவர், மாலையில் தனியாரிடம் ஒரு நிபுணரையும் பார்த்து, அதே லொசாட்டானை வேறொரு வணிகப் பெயரில் வாங்கி, இரண்டையும் சேர்த்து விழுங்க நேரலாம். கனடாவிலிருந்து பிள்ளை அனுப்பிய ராமிப்ரிலும் இங்கு கிடைக்கும் எனலாப்ரிலும் ஒரே வகை அமுக்க மருந்துகள் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? ராமிப்ரிலையும் லொசாட்டானின் வகையைச் சேர்ந்த டெல்மிசாட்டானையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்த ஒன்டார்கெட் ஆய்வு, அதனால் கூடுதல் நன்மை இல்லை என்பதையும், அமுக்கம் மிகையாகக் குறைவதும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுகின்றன என்பதையும் 2008இலேயே காட்டிவிட்டது. மருந்துகளைக் கம்பனியின் வணிகப் பெயரால் அல்ல, பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அரை நூற்றாண்டுக்கு முன்பே வாதாடிய நாட்டில், அந்தப் பெயர் மருந்துத் துண்டோடு நின்றுவிடுகிறது. நோயாளியின் காதுக்கு வந்து சேரவில்லை.

காரணம் தெரியாதவர் மருந்தைத் தானாகவே நிறுத்துகிறார். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரலாம், வந்தால் லொசாட்டானுக்கு மாற்ற முடியும் என்று அறியாதவர் இருமலுக்குப் பாணி வாங்கிக் குடிக்கிறார். அம்லோடிபின் என்ற அமுக்க மருந்தால் கணுக்கால் வீங்கியவர் சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்று பயந்து அதைக் கைவிடுகிறார். சிறுநீர் அடிக்கடி போகும் என்பதால் பஸ் பயண நாளில் புருசெமைட்டைத் தவிர்ப்பவரிடம், வீடு திரும்பியபின் எடுக்கலாமா என்று பேசித் தீர்மானிக்க ஒருவர் வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் அட்டெனலோலைத் திடீரென நிறுத்துவது: இதய நோயாளிக்கு அது நெஞ்சுவலியையும் மாரடைப்பையும் கூடக் கொண்டுவரலாம். மூட்டுவலிக்குப் பாமசியில் தாமாகவே வாங்கும் டைக்ளோபினக் அமுக்கத்தை ஏற்றக்கூடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பதை அறிவேன். கூட்டத்தைப் பார்ப்பவர் எவரும் அவர்களைக் குறைசொல்ல மாட்டார். ஆனால் நோயாளிகள் காத்திருக்கும் அந்த மணித்தியாலங்கள் வீணே கழிகின்றன. அந்த வேளையில் ஒரு மருந்தாளரோ தாதியோ, கொண்டுவந்த எல்லாக் குளிசைகளையும், வெளிநாட்டுப் பொதிகள் உட்பட, மேசையில் வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். கொப்பியின் முதற்பக்கத்தில் ஒவ்வொரு மருந்தின் பொதுப் பெயரும், எதற்காக, எப்போது என்பதும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்பதும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மருந்து மாறும் நாளில் அப்பக்கத்தைத் திருத்திய பின்னரே குளிசை உறை கையில் கொடுக்கப்பட வேண்டும். முதலில் ஒரு கிளினிக்கிலாவது இதை நடைமுறைப்படுத்திப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
நோயாளி ஒருவரின் பராமரிப்பாளர்,
யாழ்ப்பாணம்