கூடல்வாய் தெரியாமல் ஓட்டைப் பழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி: 'ஓட்டு வீடு என்றால் ஒழுகத்தான் செய்யும், அழகுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.' எழுதியவர் ஏணி வைத்து ஒரு கூரையிலாவது ஏறிப் பார்த்தாரா? தங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. இருந்தும் அச்சேறிவிட்டது.

சீமை ஓட்டுக்கு, அதாவது ஆலையில் செய்த மங்களூர் ஓட்டுக்கு, கூரைச் சரிவு 30 பாகையாவது வேண்டும்; அதைத்தான் வாட்டம் என்போம். கொத்தனார் கணக்கில், சுவரிலிருந்து முகட்டுக்கு நேர்கீழ் வரை 10 அடி என்றால் முகடு 5¾ அடி ஏற வேண்டும். 'எலிவேஷன் எடுப்பாக இருக்காது' என்று இப்போது 3 அடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வாட்டம் பாதியானால் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கிற மழை மேலோட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே வந்துவிடும். குற்றம் ஓட்டுடையதா?

அடுத்தது ரீப்பர், ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம். ரீப்பருக்கு ரீப்பர் பன்னிரண்டரை அங்குலம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து அடித்து முடித்துவிட்டு, அப்புறம் ஓடு வாங்கப் போகிறார்கள். சூளைக்குச் சூளை ஓட்டின் அளவு கொஞ்சம் மாறும். வந்திறங்கிய ஓட்டில் ஐந்தாறு எடுத்துத் தரையில் கோத்து வைத்து, இடைவெளியை அளந்த பிறகுதான் ஆணியைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் மேலோடு கீழோட்டைப் போதுமான அளவு மூடாது. குறைந்தால் ஓடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். இறவாரத்து, அதாவது கூரையின் கீழ் விளிம்பின், முதல் ரீப்பர் மட்டும் ஓட்டின் கனத்துக்கு உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசி வரிசை தலை குனிந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒழுகினால் நேரே கூடல்வாயை, இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் பள்ளத்தை, பாருங்கள். முற்றம் வைத்த வீட்டில் நாலு மூலையிலும் அதுதான். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அங்கே வந்து விழுகிறது. அடியில் போடும் தகரம் 2 அடி அகலத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு ஓரத்தையும் மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். ஓட்டை வெட்டி உட்கார வைக்கும்போது நடுவே 5, 6 அங்குலம் திறந்திருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஓட்டை நெருக்கிச் சிமெண்ட் பூசினால், வேப்பஞ்சருகு அடைத்து, தண்ணீர் மடிப்பைத் தாண்டிக் கூடத்தில் விழும். புரட்டாசியில் ஒரு முறை சருகு வாரினாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும்.

கையால் செய்து அடுக்குகிற சின்ன நாட்டு ஓடு வேறு சங்கதி. பூனை நடந்தாலே விலகும், குரங்கு வந்தால் கேட்கவே வேண்டாம். அவ்வப்போது பிரித்து மாற்றாவிட்டால் ஒழுகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்கள் போட்டிருந்த படத்தில் இருந்தது சீமை ஓடு! அதற்குக் கீழே 'நம் முன்னோர் கண்ட நாட்டு ஓடு' என்று குறிப்பு. அது மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறித்தவ அமைப்பைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையில் பிறந்த ஓடு. யாருடைய முன்னோரோ!

இது முதல் முறையும் இல்லை. கான்கிரீட் தளத்தின்மேல் ஓட்டைச் சிமெண்டில் ஒட்டிய வீட்டையும் 'பாரம்பரிய வீடு' என்று முன்பு வண்ணப் படம் போட்டீர்கள். ஓட்டுக்கு அடியில் காற்றோட்டம் இருந்தால்தானே சூடு தணியும்? ஒட்டிய ஓட்டின் கீழே இறங்குகிற ஈரம் அங்கேயே தங்கித் தளத்துக் கம்பியைத் துருவாக்கும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசினால் 'ஆயுள் கூடும்' என்று இன்னொரு இதழில் ஆலோசனை. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கொட்டும்.

இந்த முறை திண்ணையையும் விடவில்லை: 'இட விரயம்' என்கிறார் கட்டுரையாளர். இரண்டரை அடி உயரத்தில், தெருப்பக்கம் அரை அங்குலம் வாட்டம் விட்டுக் கட்டிய திண்ணை, தாழ்ந்த இறவாரத்தோடு சேர்ந்து சாரலையும் வெயிலையும் வீட்டுச் சுவரில் படாமல் வெளியிலேயே நிறுத்துகிறது. சுவரடி கரையாமல் நின்றது அதனால்தான். அந்தத் திண்ணையை இப்போது விழுங்குவது சாலை. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டும், தெரு ஏறிக்கொண்டே போகிறது, முன்பு ஏறிப்போன திண்ணைக்கு இப்போது இறங்கிப்போக வேண்டியதாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுத இடமில்லை போலும்.

அதிகம் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்துங்கள். '10 அடிக்கு 5¾ அடி' என்று ஒரு வரியும் போடுங்கள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கும்பகோணம்.

பி.கு.: கட்டுரையில் ஏழு இடத்தில் 'சிட்-அவுட்' வருகிறது. தாழ்வாரம் என்று எழுதினால் எழுத்தும் அப்படியொன்றும் கூடிவிடாது.