டிசம்பர் 17 விமானக் கண்காட்சி: பெற்றோர் கவனத்துக்கு

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுப் பரீட்சை நெருங்கிடுச்சு, போர்ஷன் எல்லா வகுப்புலயும் கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு, கபடி டீம் நல்லா ஆடினாங்க, ஓவியப் போட்டியிலயும் நம்ம பிள்ளைங்க ப்ரைஸ் வாங்கியிருக்காங்க, எல்லாருக்கும் வாழ்த்துக்கள். இப்போ கண்காட்சி விஷயத்துக்கு வரேன்.

1903 டிசம்பர் 17-லதான் அமெரிக்காவுல கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில வில்பர், ஆர்வில்ங்கற ரைட் சகோதரர்கள் எஞ்சின் வச்ச விமானத்த பறக்க விட்டாங்க. அந்த நாள கொண்டாடத்தான் ஆளுக்கொரு மாடல் செஞ்சுட்டு வரச் சொன்னோம். வந்ததுல பாதிக்கு மேல கடையில ஆர்டர் குடுத்தது, மிச்சத்துல பலதும் வீட்ல பெரியவங்க ராத்திரி உக்காந்து செஞ்சது. ஒண்ணுல விலை ஸ்டிக்கர் கூட கிழிக்கல. ரெக்கை ஏன் ரெண்டு அடுக்கா இருக்குன்னு ஒரு பொண்ணுகிட்ட கேட்டா, "மாமாவுக்குத்தான் மிஸ் தெரியும்"ங்குது.

பிள்ளை மத்தவங்க முன்னாடி குறைஞ்சு போகக்கூடாதுங்கற உங்க ஆசை புரியாம இல்ல. ஆனா அந்த சகோதரர்களோட அப்பா 1878-ல ரப்பர் பேண்டுல பறக்கற ஒரு பொம்மைய வாங்கிட்டு வந்தார், அதோட சரி, அது உடைஞ்சதும் பசங்களே அதே மாதிரி செஞ்சு பார்த்தாங்க. பின்னாடி அவங்க சைக்கிள் கடையில டியூப் வந்த காலி அட்டைப் பெட்டி ஒண்ண கையில முறுக்கிட்டு இருந்தப்பதான், ரெக்கையையும் இப்படி முறுக்கினா விமானம் சாயாம பாத்துக்கலாம்னு வில்பருக்குத் தோணுச்சு. டிசம்பர் 14-ல காசு சுண்டிப் போட்டு ஜெயிச்சு அவர்தான் முதல்ல ஏறினார், கிளம்பின வேகத்துல விழுந்து விமானம் உடைஞ்சுது. ரிப்பேர் பண்ணி 17-ம் தேதி ஆர்வில் பறந்தது 12 செகண்ட், 120 அடி, அவ்வளவுதான். அன்னிக்கே நாலாவது தடவை வில்பர் 59 செகண்ட், 852 அடி போனார். அவங்களுக்கே முதல் தடவை 12 செகண்ட்தான்னா, நம்ம பிள்ளை மாடல் கோணலா இருந்தா என்ன?

அதனால கண்டிப்பா சொல்லிடறேன், கடை மாடல கண்காட்சியில வைக்க மாட்டோம், மார்க்கும் கிடையாது. "எம் பையனுக்கு ஏன் கம்மி"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல டீச்சர டேக் பண்ணி கேக்கறதும் இனிமே வேண்டாம். திருப்பி அனுப்பற மாடல வீட்டு ஷோகேஸ்ல வச்சுக்கோங்க, அழகாத்தான் இருக்கு.

பிளேடு, கத்தி புடிக்கற வேலைய மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க. அட்டை இல்லாதவங்க ஆபீஸ் ரூம்ல வாங்கிக்கலாம், மளிகைக் கடை டப்பாவா மூட்டை கட்டி கொண்டு வந்து குடுத்த பெற்றோர்களுக்கு ரொம்ப நன்றி. 15-ம் தேதிக்குள்ள புது மாடல் வந்துட்டா போதும். 17-ம் தேதி நீங்களும் வாங்க, பிள்ளைங்களே விளக்கம் சொல்வாங்க. இத்தன நாள் குடுத்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்