நார்மண்டியைக் கவிழ்த்தது தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'நார்மண்டி' என்ற பிரெஞ்சுப் பயணிகள் கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். லாலிக்கின் கண்ணாடி விளக்குகள், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட நீளமான சாப்பாட்டுக் கூடம் என ஆடம்பரமெல்லாம் அழகாக வந்திருக்கிறது. ஆனால் கப்பலின் முடிவை மட்டும் 'நாஜிகளின் சதி என்ற சந்தேகம் உண்டு. தீயில் அழிந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கப்பல்களின் எந்திர அறையில் காலம் கழித்த எனக்கு அதை அப்படியே விட்டுவிட மனமில்லை.

1942 பிப்ரவரி 9 அன்று கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தது. அமெரிக்க அரசு அதைக் கைப்பற்றி, 'லாஃபயெட்' என்று பெயர் மாற்றி, படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக அவசர அவசரமாக மாற்றியமைத்துக்கொண்டிருந்தது. பெருங்கூடத்தில் இரும்புத் தூண் ஒன்றை அறுத்தபோது தெறித்த பொறி, பக்கத்தில் குவித்துவைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்தது. அவற்றுக்குள் இருந்தது இலவம்பஞ்சு. கப்பலின் சொந்தத் தீயணைப்பு ஏற்பாடோ அப்போது செயல்படவில்லை. பிறகு நடந்த விசாரணைகளில் சதிக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அஜாக்கிரதைதான் காரணம் என்றே தெரிந்தது.

மாலைக்குள் தீ கட்டுக்குள் வந்துவிட்டது. தீயணைப்புப் படகுகள் பாய்ச்சிய தண்ணீர்தான் மேல்தளங்களில் தேங்கி நின்றது. கப்பலுக்கு மேல்பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று கடலில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். நார்மண்டியை வடிவமைத்த விளாடிமிர் யூர்கேவிச்சும் அன்று அங்கே வந்திருந்தார். அடித்தட்டிலுள்ள கடல்நீர் அடைப்பான்களைத் திறந்துவிட்டால், ஆழமில்லாத அந்தத் துறையில் கப்பல் சில அடி இறங்கி நிமிர்ந்தபடியே தரையில் அமர்ந்துவிடும் என்றார். அதிகாரிகள் ஏற்கவில்லை. நள்ளிரவு கடந்து கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பெரும் செலவில் அதை நிமிர்த்திய பிறகும் பயன்படுத்த வழியில்லாமல், 1946இல் 1,61,680 டாலருக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்த யூர்கேவிச்சின் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. ஜார் காலத்து ரஷ்யக் கடற்படைக்குப் போர்க்கப்பல் வடிவமைத்தவர். புரட்சிக்குப் பின் பிரான்ஸுக்கு வந்து கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வரைந்த உடலமைப்பு, நீர்மட்டத்துக்குக் கீழே குமிழாகப் புடைத்த அணியம் (கப்பலின் முன்முனை), இவற்றால்தான் 1935இல் முதல் பயணத்திலேயே நார்மண்டி அட்லாண்டிக்கின் வேகச் சாதனையை எட்டியது. நீராவிச் சுழலிகள் (டர்பைன்கள்) மின்சாரம் தர, மின் மோட்டார்கள் சுழல்விசிறிகளைச் சுழற்றின. மோட்டாரையே எதிர்த்திசையில் சுழற்றலாம் என்பதால் பின்னோக்கிச் செல்லத் தனிச் சுழலி தேவைப்படவில்லை. எங்கள் தொழிலில் இது சின்ன விஷயமல்ல! முதல் வருடத்தில் கப்பல் மோசமாக அதிர்ந்தது உண்மைதான். சுழல்விசிறிகளை மாற்றி அதைப் பெருமளவு குறைத்தார்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ழான் துய்பாவின் கண்ணாடி ஓவியங்களையும், புரூக்ளினில் லெபனான் கிறித்தவர்களின் பேராலயத்துக்குப் போன கதவுகளையும் கப்பலின் மிச்சங்களாகக் கட்டுரை காட்டுகிறது. அவை போற்ற வேண்டியவைதான். ஆனால் இன்று துறைமுகங்களில் பார்க்கும் பெரிய சரக்குக் கப்பல்கள் பலவற்றின் அணியத்தில் அந்தக் குமிழ் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் யூர்கேவிச் அல்ல. ஆனாலும் அதன் பயனை உலகறியச் செய்த கப்பல்களில் நார்மண்டிக்கு முக்கிய இடம் உண்டு. இந்தத் தொடரில் அடுத்து வரும் கப்பல்களுக்காவது, அலங்கரித்தவர்களோடு வடிவமைத்தவர்களின் பெயரையும் சேர்த்து எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி