ஜானகி அம்மாளைச் சரியாகச் சொல்லிக்கொடுப்போம்: கடலூர் மாவட்டத் தாவரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நெல்லிக்குப்பத்தில் வாழும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை நான். கரும்பு வண்டிகளைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, அந்தக் கரும்பின் பிறப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்த ஈ. கே. ஜானகி அம்மாளின் பெயர் தெரியவில்லை என்பது என்னை நெடுநாளாக வருத்துகிறது.

1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தவர் அவர். சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் மேல்நிலைப் பள்ளியைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. திரும்பி வந்ததும் திருவனந்தபுரத்தில் தாவரவியல் பேராசிரியராகி, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவரே அவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. தடித்த இனிப்புக் கரும்போடு அதன் காட்டு உறவான நாணலைக் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு இரகம், அதே கோயம்புத்தூரில் பார்பர், வெங்கட்ராமன் என்ற கரும்பு ஆய்வாளர்கள் அவருக்கு முன்பே செய்த பணி. ஜானகி அம்மாள் செய்தது வேறு: செல்லுக்குள் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 80 கொண்ட இனிப்புக் கரும்பு, இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை குரோமோசோம் எண்ணிக்கை மாறும் நாணலோடு சேரும்போது உள்ளே என்ன நிகழ்கிறது என்று குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார், கரும்பை மக்காச்சோளத்தோடும் கலப்பினம் செய்து காட்டினார். இல்லாத பெருமையைச் சேர்ப்பது, இருக்கும் பெருமையை மறைத்துவிடும்.

நம் மேல்நிலை வகுப்பில் குரோமோசோம்களைப் பார்க்க வெங்காய வேர்முனையை வெட்டி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, ஸ்லைடின் மீது தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது, கை சற்று அசைந்தாலும் செல்கள் சிதைந்துவிடும். அந்த ஒரு ஸ்லைடுக்கே மாணவிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கரும்பில், இதே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவரைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை.

பிறகு இங்கிலாந்தில் பணியாற்றி, அங்குள்ள செல்லியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி 1945இல் நூலாக்கினார். நேருவின் அழைப்பில் தாய்நாடு திரும்பி இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். எண்பது வயதையொட்டியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1977இல் பத்மஸ்ரீ பெற்ற அவர், சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்களத்தில் பணியைத் தொடர்ந்து, 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார்.

நான் கேட்பது பெரிதன்று. கோ சி 671 என்ற கரும்பு இரகத்தின் பெயரிலுள்ள 'சி' நம் கடலூரைக் குறிப்பது. வரும் நவம்பர் 4 அன்று மாணவிகளைத் தென்பெண்ணைக் கரைக்கு அழைத்துச் சென்று, மணலில் நிற்கும் நாணலின் ஒரு தண்டையும் அருகிலுள்ள வயலின் ஒரு கரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணுவைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவரது பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
நெல்லிக்குப்பம்