நவம்பர் முதல் வாரத்துக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவியின் 26 வார மகப்பேறு விடுப்பு நவம்பர் முதல் வாரத்தோடு முடிகிறது, அவள் வேலைக்குத் திரும்புகிறாள் என்றாய். பாப்பாவுக்கு அப்போது ஐந்தரை மாதம் ஆகியிருக்கும். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு வந்து சேரும்: வலுக்கும் வடகிழக்குப் பருவமழை, அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் ஞாயிறு. வானத்தையும் அமெரிக்காவையும் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. மற்றதையெல்லாம் அக்டோபரிலேயே செய்து வைக்கலாம்.

முதலில் ஒன்று. ஆபீஸ் நேரத்தை முளையாக அடித்து அதில் பிள்ளையைக் கட்டாதே. பிள்ளை தூங்கும் நேரம்தான் முளை. ராத்திரி எட்டுக்குத் தூங்கும் பிள்ளை என்றால், எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வா: ஏழே முக்காலுக்குப் பால், ஏழேகாலுக்குத் துடைத்துத் துணி மாற்றுவது, ஏழுக்குள் இரண்டு பேரில் ஒருவராவது வீட்டில். அந்த ஒருவர் யார் என்பது எந்தெந்த நாளுக்கு என்று முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். "யார் முதல்ல கிளம்புறாங்களோ அவங்க" என்று விட்டால் இரண்டு பேருமே கிளம்ப மாட்டீர்கள்.

சேலையூரிலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறவளுக்கும், அதைத் தாண்டி சிறுசேரி போகிற உனக்கும் சராசரி நேரம் என்று ஒன்று கிடையாது. நல்ல நாள், கெட்ட நாள் இரண்டுதான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் யூ-டர்ன் இடம் மாறும். நேற்று திரும்பிய இடத்தில் இன்று தடுப்பு நிற்கும். மழை பெய்தால் பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் கட்டும். அதனால் இப்போதே பத்து வேலை நாளுக்கு வாசலில் இருந்து வாசல் வரை ஆகும் நேரத்தைப் போனில் குறித்து வை, போவதும் வருவதும் தனித்தனியாக. பத்தில் இரண்டாவது மோசமான நாள் எதுவோ அதை வைத்துக் கணக்குப் போடு. மிக மோசமான நாளை வைத்துப் போட்டால் வேலையே பார்க்க முடியாது. சராசரியை வைத்துப் போட்டால் வாரத்தில் இரண்டு நாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நம் அம்மா வாசலில் பிள்ளையோடு நிற்பாள்.

அவள் கம்பெனி வண்டியில் வருவதானால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளச் சொல். வண்டி ரோஸ்டரை (யார் எந்த வண்டி என்ற பட்டியல்) எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் மாற்றலாம், கடைசியாக இறங்குகிற பெண்ணுக்கு இரவில் காவலர் எத்தனை மணியிலிருந்து. காவலர் வந்து சேரவில்லை என்றால் வண்டி கிளம்பாது. 6 மணி வண்டியை விட்டு 8 மணி வண்டியைப் பிடித்தால், காவலருக்குக் காத்திருப்பதிலேயே இன்னும் அரை மணி நேரம் போய்விடும்.

இனி பால் கணக்கு. காலை 8-க்குக் கிளம்பி இரவு 7-க்குத் திரும்பினால் 11 மணி நேரம். ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள். 11 மணி நேரத்துக்கு 330. கை தவறிச் சிந்துவதற்கும் சேர்த்து 350. முதல் நாளுக்கு 350, அன்று ஆபீஸில் பால் வராமல் போனால் மறுநாளுக்கு இன்னொரு 350. ஆக 700 மில்லி போதும். வீடியோக்களில் காட்டுவது போல் ஃப்ரீசரை அடுக்கி நிரப்ப வேண்டியதில்லை. விடிகாலைப் பாலுக்குப் பிறகு ஒரு தடவை மட்டும் பம்பில் எடுத்தால் 50 மில்லி வரும். இரண்டு வாரத்தில் 700 ஆகிவிடும்.

அளவுதான் முக்கியம்: 60 மில்லிக்கு மேல் ஒரு பையில் ஊற்றாதே. உறையும்போது பால் விரியும், மேலே இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அம்மா. பிள்ளை வாய் வைத்த பாலில் மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். அம்மா ஒரு சொட்டைக் கொட்ட மாட்டாள், அது உனக்கே தெரியும். 120 மில்லிப் பையைக் கொடுத்துவிட்டுக் கொட்டச் சொல்வதைவிட 60 மில்லியாகக் கொடுத்துவிடுவது வீட்டுக்கு நல்லது.

எத்தனை நேரம் தாங்கும்? அறையில் 4 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். அது 25 டிகிரி அறைக்கு. நம் வீட்டு ஹால் அது இல்லை, எடுத்ததும் உள்ளே வை. ஃப்ரிட்ஜில் 4 நாள். கதவில் வைக்காதே, நடுத்தட்டில் பின்பக்கச் சுவரை ஒட்டி வை, கதவைத் திறந்து மூடினாலும் அங்கேதான் குளிர் குறையாது. தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் 6 மாதம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சின்ன ஃப்ரீசர் என்றால் இரண்டு வாரம் தாண்ட வேண்டாம், அதில் குளிர் ஏறி இறங்கும். உறைந்ததை முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கு. முழுவதும் இளகிய பிறகு 24 மணி நேரம். திரும்ப உறைய வைக்கக்கூடாது. புதிதாக எடுத்த சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலில் அப்படியே கலக்காதே, ஆற வைத்துச் சேர். சூடு பண்ண வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். மைக்ரோவேவ் கூடாது: ஓரிடம் கொதிக்கும், பக்கத்தில் சில்லென்று இருக்கும், பிள்ளை வாய் வெந்துவிடும். மேலே மஞ்சளாகத் திரளும் கொழுப்பைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. சில அம்மாக்களின் பாலில் லைபேஸ் என்ற நொதியின் வேலையால், சில மணி நேரம் வைத்தாலே பால் சோப்பு மணக்கும். கெடுதல் இல்லை. ஆனால் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். 700 மில்லியையும் உறைய வைத்த பிறகு, வேலைக்குப் போன முதல் நாள் மதியம் இது தெரியவந்தால் எப்படி இருக்கும்? ஒரே ஒரு பையை ஐந்து நாள் ஃப்ரீசரில் வைத்து, இளக்கி, முகர்ந்து பார்த்து, பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். குடித்தால் மேற்கொண்டு சேர்க்கலாம்.

பாட்டிலா பாலாடையா என்றால் நான் பாலாடை பக்கம். கழுவ எளிது, மூலை முடுக்கு இல்லை, அம்மாவுக்குக் கை பழகியது. ஆனால் படுக்க வைத்து ஊற்றும் பழைய பழக்கம் வேண்டாம், புரையேறும். முதுகை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, பாலாடை மூக்கைக் கீழ் உதட்டில் தொட்டால் பிள்ளை தானே நாக்கை நீட்டி உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக்கூடாது, அது எடுக்க வேண்டும். 60 மில்லிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவள் வீட்டில் இருக்கும்போது அவள் கையால் கொடுத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பும். அவள் அடுத்த அறையில் இருக்கும்போது அம்மா கொடுக்கட்டும்.

பம்ப் கழுவுவது உன் வேலை. அதை இப்போதே எடுத்துக்கொள். பால் படும் எல்லாவற்றையும் பிரித்து, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு (எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் பால் படிந்துவிடும்), பிறகு சோப்பும் வெந்நீரும், பிறகு நாளுக்கு ஒரு தடவை கொதிக்கும் நீரில் 5 நிமிடம். காற்றுக் குழாயை மட்டும் தண்ணீரில் போடாதே. உள்ளே ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். "திடீர்னு பால் குறைஞ்சிடுச்சு" என்று அவள் கவலைப்பட்டால், டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் வால்வைப் பார். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் சின்ன சிலிக்கோன் துண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் வாய் ஒட்டி மூடியிருக்க வேண்டும். கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் தளர்ந்துவிட்டது, உறிஞ்சு விசை போய்விட்டது. பாத்திர பிரஷ்ஷால் தேய்ப்பதுதான் இதைக் கெடுக்கிறது. விரலால் தேய். இரண்டு வால்வு உபரியாக வாங்கி, ஒன்றை அவள் ஆபீஸ் பையிலேயே போட்டு வை.

ஆபீஸில் 10:30, 1:30, 4:30 என்று மூன்று தடவை பால் எடுக்க வேண்டும், தடவைக்கு இருபது நிமிடம். காலண்டரில் இன்றே அடைத்து வைக்கச் சொல். திரும்பிப் போன பிறகு போட்டால் அதன் மேல் மீட்டிங் ஏறிவிடும். ஐஸ் பேக் இரண்டு, மூடி இறுக்கமான கூலர் பை. பேக் உறைந்தே இருந்தால் 24 மணி நேரம்கூடத் தாங்கும். அடிக்கடி திறந்தால் தாங்காது. ஆபீஸ் பேன்ட்ரி ஃப்ரிட்ஜை நம்பினால், பையைத் துணிப்பைக்குள் போட்டுப் பெயர், தேதி எழுதி ஒட்டச் சொல்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் 26 வார விடுப்போடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி, விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து பார்ப்பது பற்றிப் பேசி முடிவு செய்துகொள்வது எல்லாம் வந்தன. இதில் கடைசியை மெயிலில், திரும்பும் முன்பே கேட்கச் சொல். "நவம்பர், டிசம்பரில் கனமழை எச்சரிக்கை நாட்களில்" என்று காலம் குறித்துக் கேட்டால் மேனேஜர் ஒப்புவது எளிது. காப்பகம் எத்தனை நன்றாக இருந்தாலும், ஐந்தரை மாதப் பிள்ளையை அந்த ரோட்டில் தினம் இரண்டு தடவை கொண்டு போவதில் எனக்கு இஷ்டம் இல்லை. அம்மாவால் முடிகிற வரை வீடுதான்.

அம்மாவுக்கும் முழங்கால் இருக்கிறது. பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரு ஆள் கூட இருக்க ஏற்பாடு பண்ணு, பாத்திரம் தேய்க்க அல்ல, பிள்ளையைத் தூக்க. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வழக்கமாகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காது. முந்தின நாளே பேப்பரில் வரும். ஃப்ரிட்ஜில் இருக்கும் உறையாத பாலையெல்லாம் ஐஸ் பேக்கோடு ஒரு கூலர் பையில் எடுத்து வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விடச் சொல். மூடியே இருந்தாலும் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்தான் தாங்கும்.

இப்போது உன் அமெரிக்க மீட்டிங். நியூயார்க்காரர்களின் காலை 9:30 ஸ்டாண்டப் (தினமும் நடக்கும் சின்ன மீட்டிங்) இதுவரை நமக்கு இரவு 7. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள். திங்கட்கிழமை உனக்கு அதே ஸ்டாண்டப் 8 மணி. மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படித்தான். சரியாகப் பிள்ளை தூங்கும் நேரம். மீட்டிங் அவர்கள் நேரத்தில் போடப்பட்டதா, நம் நேரத்திலா என்று காலண்டரில் திறந்து பார். அவர்கள் நேரம் என்றால் உனக்கு நகரும், நம் நேரம் என்றால் அவர்களுக்கு நகரும். அவர்கள் 8:30-க்கு மாற்றினால் உனக்கு 7. அது முடியாது என்றால் 10:30 கேள், உனக்கு 9, பிள்ளை தூங்கியிருக்கும். முன்னால் போனாலும் சரி, பின்னால் போனாலும் சரி, 8 மட்டும் கூடாது. அக்டோபர் நடுவில் கேட்டால் இது சாதாரண விஷயம். நவம்பரில் கேட்டால் சலுகை. லண்டன் ஆட்களும் அந்த மீட்டிங்கில் இருந்தால் கவனம்: அவர்கள் அக்டோபர் கடைசி ஞாயிறே மாற்றிவிடுவார்கள், நடுவில் ஒரு வாரம் எல்லோர் கணக்கும் தப்பும்.

திட உணவை அதே வாரத்தில் தொடங்காதே. ஆறு மாதம் நிறைந்த பிறகு, அதாவது அவள் போய் இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கு. ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரைப் பார்க்கப் பகல் பொழுது இருக்கும். இரண்டு ஸ்பூன் ராகி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர், சின்னத் தீ, பச்சை வாசம் போகும்வரை கிளறல். ஆறும்போது இறுகும், ஆகவே அடுப்பில் தளர்வாகவே இறக்கு. முதல் நாள் இரண்டு மூன்று ஸ்பூன் போதும். உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அம்மாவிடம் இதை நீ சொல், அவள் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரியில் ஒன்பது மாதம் முடிந்ததும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். மற்ற ஊசிக்குக் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வந்து போகும். தட்டம்மை ஊசிக்கு அப்படியல்ல, ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும். ஊசி போட்ட மறுநாள் லீவு போட்டுவிட்டு, சரியாக அடுத்த வாரம் ஆன்-காலில் (எந்த நேரம் கூப்பிட்டாலும் வேலை பார்க்க வேண்டிய முறையில்) மாட்டிக்கொள்ளாதே. வேலை ரோஸ்டரில் அந்த இரண்டாவது வாரத்தைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

அம்மாவின் பழைய வெள்ளிப் பாலாடை பரணில் பித்தளைக் குடத்துக்குள் இருக்கிறது. மூக்கு நெளிந்திருந்தால் தட்டாசாரியிடம் கொடுத்து ஓரத்தை மழுக்கி வாங்கு, உதட்டைக் கீறும். வால்வை இன்றே ஆர்டர் போடு.

அன்புடன்,
அக்கா