ஏழாம் பாகம் படிக்கலாமா?

அன்புள்ள பாப்பா,

நம் அடகுக் கடைப் பேய்க்கதைத் தொடரைப் பற்றி, "ஏழாம் பாகம் படிக்கலாமா வேண்டாமா, ஒரே வரியில் சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில்: படி, ஆனால் பதினெட்டாம் அத்தியாயத்தில் புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றும், எறியாதே. மீதியை எழுத ஒரு வரி போதாது. எடின்பரோவில் மழை பெய்து வெளியே போக முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வைத்துப் படித்துக்கொள்.

இங்கே சிங்கப்பூரில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் கிண்டிலில் புத்தகம் இறங்கிவிட்டது. உனக்கு அப்போது மாலை ஐந்து மணிதான். உனக்கு முன்னால் எனக்குக் கதை தெரிந்துவிடும் என்ற ஆசையில் விடியவிடியப் படித்தேன். "பேரன் எடுக்கிற வயசில் பேய்க்கதைக்குக் கண்விழிப்பா" என்று அம்மா கேட்டாள். நீ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது நூலகத்திலிருந்து முதல் பாகத்தை எடுத்து வந்தாயே, அட்டையில் இரத்தம் சொட்டுகிறது, பிள்ளை என்னத்தைப் படிக்கிறது என்று பார்க்கத்தான் அன்றைக்குப் புரட்டினேன். மூன்று வாரத் தவணை முடிவதற்குள் யார் முதலில் முடிப்பது என்று நாம் போட்ட சண்டையை அவள் இன்னும் மறக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அடகுக் கடை திரும்பி வந்துவிட்டது. ஆறாம் பாகம் முழுக்கக் கடைக்காரியான கதாநாயகியை மலை மலையாக ஓட விட்டார்களே, அந்தக் கூத்தெல்லாம் இல்லை. அதே துறைமுக ஊர், அதே இருட்டுச் சந்து, பொழுது சாய்ந்தால் திறக்கும் கடை, உயிரோடிருந்தபோது தங்களுடையதாக இருந்ததை அடகு வைக்க வரிசையில் நிற்கும் ஆவிகள். தன் சிரிப்பை அடகு வைத்த மாலுமி ஒருவன் வட்டி கட்ட முடியாமல் நிற்கும் இடம் இருக்கிறது. சிராங்கூன் ரோட்டு அடகுக் கடை வாசலில் இதே முகத்தோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நகை முழுகிப்போனால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும்.

இனி என் கோபம். கதை முழுக்க ஒரே ஒரு சட்டத்தின் மேல் நிற்கிறது என்பது உனக்குத் தெரியும்: கடைக்காரி பெயர் சொல்லி உள்ளே அழைத்தாலொழிய, செத்த எதுவும் வாசற்படி தாண்ட முடியாது. அந்த இரத்தக்காட்டேரித் துரை ஆறு பாகமாக வாசலில் நின்றுதான் மிரட்டிக்கொண்டிருந்தான். இப்போது பதினெட்டாம் அத்தியாயத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்து வருகிறான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதே, பின்னட்டையிலேயே போட்டுவிட்டார்கள்.) எப்படி வந்தான் என்றால், "அவன் பலம் பெருகியிருந்தது" என்று ஒரே வாக்கியம். அவ்வளவுதான்.

பேய்க்கதைக்குப் பயம் பேயிடமிருந்து வருவதில்லை பாப்பா, சட்டத்திலிருந்துதான் வருகிறது. விக்கிரமாதித்தனைப் பார். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்கே போய்விடும். அந்த இரண்டும் ஒன்றையொன்று பூட்டியிருப்பதால்தான் கதைமேல் கதை வருகிறது. ஐந்தாம் கதையில் வேதாளம் "இன்றைக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம் ராஜா" என்று சொல்லியிருந்தால் ஆறாம் கதைக்கு யார் உட்காருவார்கள்?

மலாய்க் கதைகளில் வரும் பெண்பேய் பொந்தியானாக்கும் அப்படித்தான். பிடரியில் ஆணி இருக்கும்வரை அழகான பெண், பிடுங்கினால் பேய். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957இல் இங்கே கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்கு அதைப் படமாக எடுத்தார். அதே ஆண்டில் இரண்டாம் பாகம், 1958இல் மூன்றாம் பாகம். முதல் இரண்டின் பிரதிகூட இன்று மிஞ்சவில்லை, ஆனால் அந்த ஆணி மட்டும் யாருக்கும் மறக்கவில்லை. உன் பாட்டி அந்தக் கதையைச் சொன்ன இரவுகளில் நான் குப்புறப் படுக்கப் பயந்து மல்லாந்தே தூங்கியிருக்கிறேன்.

பலம் சும்மா பெருகாது என்பதற்கும் இந்த ஊரிலேயே கதை இருக்கிறது. பாடாங் என்ற கூலியாள் வலையில் விழுந்த மீனையெல்லாம் ஒரு பூதம் தின்றுவிட்டுப் போகிறது. அதைப் பிடித்து, பலம் கொடு என்று கேட்கிறான். நான் வாந்தி எடுப்பதைத் தின்றால் கிடைக்கும் என்கிறது பூதம். தின்கிறான்! அந்தப் பலத்தில்தான் கலிங்கத்திலிருந்து வந்த மல்லனைத் தோற்கடித்து, பாறையைத் தூக்கிச் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் எறிகிறான். (நம் கடற்கரைப் பக்கத்து ஆள் தோற்றதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.) அந்த இடத்தில் இருந்த கல்வெட்டுப் பாறையை 1843இல் பிரிட்டிஷ்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, எழுத்தை இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை. உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன், நீ ஐஸ்கிரீம் கேட்டு அழுதாய். பாடாங் வாந்தி தின்றான், துரை என்ன தின்றான்? அதைத்தான் அந்த எழுத்தாளரிடம் கேட்க வேண்டும்.

இதை எழுதும்போது கீழே திடலில் கெத்தாய் மேடை போட்டிருக்கிறார்கள், சீனர்களின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்காக நடக்கும் பாட்டுக் கச்சேரி. கூட்டம் பின்னால் நெரிகிறது, முன்வரிசை நாற்காலிகள் காலி. அது ஆவி விருந்தாளிகளுக்கானது, சின்னப் பிள்ளைகூட உட்காரவில்லை. சட்டத்தை இப்படிக் காப்பாற்ற வேண்டும்.

ஆனாலும் படி என்று சொல்வது இருபத்தோராம் அத்தியாயத்துக்காக. மூன்றாம் பாகத்தில் தன் குரலை அடகு வைத்துவிட்டுப் போனாளே கடைக்காரியின் அம்மா, அவளை நினைவிருக்கிறதா? அவள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மீட்க வருகிறாள். மகள் பெயர் சொல்லி அழைத்தால்தான் உள்ளே வர முடியும். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தப் பெண்ணுக்கு நாக்கு எழவில்லை. நம் வீட்டில் யாருக்குத்தான் எழும்? அத்தியாயம் முழுக்க இருவரும் வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை. இந்தத் தொடரிலேயே சிறந்த பக்கங்கள் இவைதான். மூன்று அத்தியாயத்துக்கு முன்னால் உடைத்த அதே சட்டத்தை வைத்து இதை எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஓநாயாக மாறும் பையன் இன்னும் காதலைச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன், உனக்கு வேண்டுமானால் நிதானமாகப் படி. வாள் சண்டை வரும் பத்து முதல் பதின்மூன்று வரை தாண்டினாலும் நட்டமில்லை.

எட்டாம் பாகம் அடுத்த வருடமாம். அம்மா மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறாள், தீபாவளிக்கு வருகிறாயா, அஞ்சலில் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். படித்து முடித்ததும் எந்நேரமானாலும் ஃபோன் பண்ணு. மூன்றாம் அத்தியாயத்தில் புதிதாக வேலைக்குச் சேரும் பையன் கடைக் கணக்குப் புத்தகத்தில் ஏதோ பெயரை எழுதுகிறான், என்ன பெயர் என்று காட்டவில்லை. துரையை உள்ளே அழைத்தது அவன்தானோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியிருந்தால் அந்த எழுத்தாளரை மன்னித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா