கானமயிலைத் தேடிப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் கானமயில் (Great Indian Bustard) என்னும் பறவையின் ஆய்வுக்கான களப்பணியில் சேர உனக்கு அழைப்பு வந்திருக்கும் செய்தி அறிந்து மகிழ்ந்தேன். நீ மூன்று கேள்விகள் கேட்டிருந்தாய். அந்த இடம் பாதுகாப்பானதுதானா என்று உன் அம்மா கேட்கச் சொன்னது ஒன்று. என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இன்னொன்று. பறவையை எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்க முடியும் என்பது மூன்றாவது. பாலைவனக் களநிலையங்களுக்குப் போக விரும்பும் இளைஞர்கள் பலரும் இதே மூன்றையும் கேட்பதால் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நீ வாழப்போகும் வாழ்க்கையின் ஒழுங்கு முழுவதும் அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

பக்கத்தில் போக முடியாது. போகக் கூடாது என்பதுதான் உன் வேலையின் முதல் விதி. ஒரு மீட்டர் உயரமும், ஆண் என்றால் 15 கிலோ வரை எடையும் உள்ள அந்தப் பறவை, ஒரு காலத்தில் பஞ்சாப் முதல் நம் தமிழ்நாடு வரை புல்வெளி இருந்த இடங்களில் எல்லாம் வாழ்ந்தது. இன்று உலகம் முழுவதிலும் சுமார் 150தான் எஞ்சியிருக்கும் என்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஜெய்சால்மர் மாவட்டத்தில், பாலைவன தேசியப் பூங்காவிலும் பொக்ரானில் உள்ள ராணுவத் துப்பாக்கிச் சுடுதளத்தை ஒட்டிய நிலங்களிலும் இருக்கின்றன. ஒரு பெட்டை பொதுவாக ஒரே ஒரு முட்டைதான் இடும். அதையும் கூடு எதுவும் கட்டாமல் வெட்டவெளித் தரையில் இட்டு, ஆணின் துணை சிறிதும் இல்லாமல் நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தனியே அடைகாக்கும். நீ ஒரு நல்ல புகைப்படத்துக்காக நூறு மீட்டர் கூடுதலாக நெருங்கியதால் அது எழுந்து நகர்ந்துவிட்டால், அந்த இடைவெளியில் ஒரு காகமோ நரியோ நாயோ அந்த ஆண்டின் உழைப்பை முடித்துவிடும். ஆகவே அரை கிலோமீட்டருக்கு அப்பால் வண்டியை நிறுத்தி, இறங்காமல், தொலைநோக்கி வழியாகப் பார்க்கப் பழகிக்கொள். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை கழுத்தை நிமிர்த்தி உன் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டால், நீ ஏற்கெனவே அளவுக்கு மீறி வந்துவிட்டாய் என்று பொருள். வீட்டுக்கு அனுப்பும் படங்களில்கூட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எதையும் சேர்க்காதே.

கணக்கெடுப்பு நாட்கள் உன்னைச் சோதிக்கும். பொழுது விடியும் முன் கிளம்பி, மண்பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, கண்ணில் பட்ட சிங்காரா மான், பாலைவன நரி, கழுகு, முள்வால் ஓணானின் வளை, ஆட்டுமந்தை, நாய், புல்லின் உயரம், மின்கம்பி, வேலி என்று அனைத்தையும் படிவத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். கானமயிலுக்கான கட்டத்தில் பல நாட்களும் பூஜ்யத்தைத்தான் எழுதுவாய். முதல் மாதத்தில் அந்தப் பூஜ்யங்கள் உனக்குத் தோல்வியாகத் தெரியலாம். ஆனால் பறவை இல்லாத இடங்கள் எவை, அங்கே என்ன இருக்கிறது என்பதும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால்தான், அது இருக்கும் இடத்தை ஏன் தேர்ந்துகொண்டது என்று யாரும் சொல்ல முடியும். சலிப்பில் கணிப்பாக நிரப்பப்பட்ட படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றால் விளைந்த கேட்டைச் சரிசெய்ய வழியே கிடையாது.

இனி அன்றாட வாழ்க்கை. கோடையில் பகல் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். வேலை விடிகாலையிலும் மாலையிலும்தான். இடைப்பட்ட நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தரவுகளைக் கணினியில் ஏற்றுவதும் உறங்குவதுமாகக் கழிப்பாய். மே மாதத்தில் லூ என்னும் அனல்காற்று வீசும்போது மதியத்தில் வெளியே நிற்பது வீரம் அல்ல, மடமை. புழுதிப் புயல் வந்தால் பூட்டிய அறைக்குள்ளும் தட்டில் மண் இருக்கும்; தொலைநோக்கி, கேமரா, மடிக்கணினி எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கப் பழகு. தண்ணீர் லாரியில் வரும், அல்லது டாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டியில் சேமித்த மழைநீராக இருக்கும். ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரை எட்டாத ஊரில் வாளிக் கணக்கில் குளிப்பதை அருகில் இருப்பவர்கள் வாய்திறந்து தடுக்க மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இதற்கு நேர்மாறாக நல்ல கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. சென்னையில் வாங்கும் ஸ்வெட்டரை நம்பாதே, ஜோத்பூரில் இறங்கி வாங்கிக்கொள்.

சாப்பாடு உனக்குச் சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன். கம்பு ரொட்டி, மோர், பூண்டுச் சட்னி, காய்ந்த கேர் காயும் சாங்க்ரியும் சேர்த்த பொரியல். சாங்க்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் பிஞ்சுக் காய்தான். அங்கே அந்த மரத்துக்குக் கேஜ்ரி என்று பெயர். அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் மனிதர்களுக்கும், நிழல் எல்லோருக்கும். எருக்கும் இலந்தையும்கூட அங்கே உண்டு, ஆகவே ஊரை முற்றிலும் விட்டு வந்துவிட்டதாக உனக்குத் தோன்றாது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மனிதர்களைப் பற்றிய அச்சம் வேண்டாம். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது சுருட்டை விரியனிடம். சிறிய பாம்பு, மண்ணின் நிறம், இரவில் நடமாட்டம். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடியும் எடுத்து வைக்காதே. காலணியை உதறிய பிறகே அணிந்துகொள். வெளியில் படுக்க நேர்ந்தால் கட்டிலில் படு. இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதியை நம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. ராஜஸ்தானில் வாழும் சுருட்டை தென்னிந்தியச் சுருட்டையிலிருந்து வேறுபட்ட வகை என்பதால், அதே மருந்து அங்கே அதே அளவு வலுவாக வேலை செய்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே கடிபட்டால் மருந்து கூடுதலாகத் தேவைப்படக்கூடும், ஆகவே அருகிலுள்ள சிறு மருத்துவமனையோடு நிறுத்தாமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கே போக வேண்டும் என்பதை நிலையத்தில் உள்ள எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது. அம்மாவிடம் இதை எந்த அளவுக்குச் சொல்வது என்பது உன் விருப்பம்.

மனிதர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படங்களில் காணும் பாலைவனத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். 1980இல் அறிவிக்கப்பட்ட பாலைவன தேசியப் பூங்கா ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்தது. அதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களும், தாணி எனப்படும் எண்ணற்ற சிறு குடியிருப்புகளும் இருக்கின்றன. வேலியிட்டுக் காக்கப்படும் அடைப்புகள் சிறு பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் ஆடு மேயும் நிலம், கம்பும் குவார் எனப்படும் கொத்தவரையும் விளையும் நிலம், ஓரண் எனப்படும் தெய்வத்துக்கு விடப்பட்ட காடு. ஓரணில் கோடரி படாது என்ற வழக்கம் பல தலைமுறைகளாக நின்றிருக்கிறது, நாம் பாதுகாப்பு என்று பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. ஆனால் பூங்கா எல்லைக்குள் இருப்பதால் சாலையும் மின்சாரமும் ஒழுங்காக வரவில்லை என்ற கசப்பும் அங்கே உண்டு. கானமயிலுக்கு அங்கே கோடாவண் என்று பெயர். “உங்கள் கோடாவணுக்காக எங்கள் பிள்ளைகள் இருட்டில் படிக்க வேண்டுமா?” என்று ஒரு பெரியவர் கேட்டால் உன்னிடம் தயாரான பதில் இருக்காது. இருக்கவும் வேண்டாம். உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு அவர் சொல்வதை முழுவதும் கேள்.

நீ பெண்ணாக இருப்பது அங்கே ஒரு விதத்தில் பெரிய வசதி. ஆண் ஆய்வாளர்கள் முற்றத்தோடு நின்றுவிட வேண்டிய வீடுகளில் உன்னை அடுப்படி வரை அழைத்துப் போவார்கள். புல்லுக்கும் விறகுக்கும் ஆடு மேய்க்கவும் தினமும் நடப்பவர்கள் பெண்களும் சிறுவர்களும்தான். எந்தத் திட்டில் சேவண் புல் நன்றாக நிற்கிறது, எந்தப் பக்கம் நாய்க் கூட்டம் சேர்ந்திருக்கிறது, பறவை எப்போது கடைசியாகத் தென்பட்டது என்பதெல்லாம் உன் கருவிகளைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தி போதாது, மார்வாடி கொஞ்சமாவது கற்றுக்கொள். வண்டி ஓட்டுநரையும் உள்ளூர்க் காவலரையும் உதவியாட்கள் என்று எண்ணிவிடாதே. மணலில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்த விலங்கு, எப்போது, எந்தத் திசையில் போனது என்று சொல்லும் அவர்கள் இல்லாமல் நம்மைப் போன்றவர்களின் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டே இருக்காது. ஆனாலும் அவர்களுடைய பெயர்கள் நன்றியுரையின் கடைசி வரியில்தான் வருகின்றன. நீ எழுதும் காலத்திலாவது இது மாறட்டும்.

அடுத்து, உனக்குப் பிடிக்காத ஒரு வேலை. மின்கம்பிகளின் கீழே நடந்து இறந்த பறவைகளைத் தேடுவது. கானமயில் சேர்ந்த பஸ்டர்ட் குடும்பத்துப் பறவைகளுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருக்கின்றன. சுற்றிலும் நன்றாகப் பார்க்க முடிந்தாலும் நேர் முன்னால் இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு மிகக் குறுகியது. பறந்துகொண்டே கீழே நிலத்தை நோக்கினால் முன்னால் இருப்பது தெரியாமலே போய்விடும். கம்பி தெரியும்போது அது மிக அருகில் வந்திருக்கும். அவ்வளவு எடையுள்ள உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. தார் பாலைவனப் பகுதியில் மட்டும் ஆண்டுக்கு 18 கானமயில்கள் வரை மின்கம்பிகளால் இறக்கக்கூடும் என்று இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. மொத்தம் 150 இருக்கும் இனத்தில் ஆண்டுக்கு 18 என்றால் முட்டை எண்ணிக்கை எதுவும் அதை ஈடுகட்டாது.

அந்தக் கம்பிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் இதில் கடினமான பகுதி. காற்றாலையும் சூரிய மின் நிலையமும் பெருகியிருக்கும் நிலம் அது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வெளியே போக வேண்டும். கம்பிகளை நிலத்துக்கு அடியில் பதிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டருக்குப் பொருந்திய அந்தப் பொதுத்தடையை 2024 மார்ச்சில் அதே நீதிமன்றம் தளர்த்தி, எங்கே எதைச் செய்யலாம் என்று ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்று பேசும் நாமே சூரிய மின்சாரத்தின் கம்பியை எதிர்க்கிறோமே என்று உன்னையும் கேட்பார்கள். என் கருத்து எளிமையானது: தகடுகளை வைக்க இந்தியாவில் வேறு இடங்கள் உண்டு, கம்பியை வளைத்துக்கொண்டு போகவும் வழி உண்டு, பறவைக்கு வேறு இடம் இல்லை. இதை உன் தலைமை ஏற்காமல் போகலாம். நீ செய்ய வேண்டியது, கம்பிக்குக் கீழே கிடப்பதைத் தேதியோடும் இடத்தோடும் படத்தோடும் தவறில்லாமல் பதிவு செய்வது. நரியும் நாயும் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், தேடுதல் முறை தவறாமல் நடக்காத இடத்தில் சாவே நிகழவில்லை என்று கணக்கு காட்டப்படும்.

இனப்பெருக்க மையத்தைப் பற்றியும் ஆவலோடு கேட்டிருந்தாய். 2019இல் சாம் என்ற இடத்திலும் பின்னர் ராம்தேவ்ராவிலும் தொடங்கப்பட்ட இந்த மையங்களில், காட்டிலிருந்து எடுத்து வந்த முட்டைகளைக் கருவியில் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். அங்கேதான் நான் முதலில் சொன்ன விதி தலைகீழாகிறது. கண் திறந்த நாளிலிருந்து மனிதரையே பார்த்து வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனம் என்று கொள்கிறது. ஓர் ஆண் பறவையை மாதக்கணக்கில் பழக்கி, பொம்மைப் பறவையோடு இணையச் செய்து, அதன் விந்தைக் கொண்டு செயற்கைக் கருவூட்டல் செய்து 2024 அக்டோபரில் குஞ்சு பொரிக்க வைத்தது அந்தப் பழக்கத்தால்தான் முடிந்தது. அதே பழக்கத்தால்தான் அந்த முதல் தலைமுறையை வெட்டவெளியில் விட முடியாது. நாயைக் கண்டும் மனிதரைக் கண்டும் ஓட அவற்றுக்குத் தெரியாது. அவற்றின் பிள்ளைகளை மனித முகம் காட்டாமல் வளர்த்து விடுவிப்பதுதான் திட்டம். ஆகவே உன்னை அந்த மையத்துக்குள் சேர்க்காமல் களத்துக்கு அனுப்பினால் வருந்தாதே. விடுவிக்கப்படும் பறவைகள் வந்து வாழ வேண்டிய நிலத்தில் கம்பி எங்கே, நாய் எங்கே, புல் எங்கே என்ற கேள்விகளுக்குக் களத்தில் இருப்பவர்கள்தான் பதில் தர வேண்டும்.

மூட்டை முடிச்சுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்நிறத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டைகள், முகம் சுற்ற நீளத் துணி, கணுக்கால் மூடும் காலணி, இரண்டு டார்ச், வேண்டிய மருந்துகள். ட்ரோனும் சாட்டிலைட் போனும் கொண்டுவராதே. எல்லை மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருந்தால் வழக்கில்தான் முடியும். ஆதார் அட்டையும் நிலையத்தின் கடிதமும் எப்போதும் கையில் இருக்கட்டும், சோதனைச் சாவடிகள் உண்டு. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் அருகே பகத் கி கோட்டி வரை வாரம் ஒரு முறை ஓடும் ரயில் சென்னை வழியாகப் போகிறது. அங்கிருந்து ஜெய்சால்மருக்கு வேறு ரயில் மாற வேண்டும். சேரும் தேதி உறுதியானதும் எழுது. மார்வாடியில் முதலில் தேவைப்படும் சொற்களைத் தனியாக எழுதி அனுப்புகிறேன், அம்மாவிடமும் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா